உங்களுக்கு நீங்கள் எவ்வளவு கூலி கொடுக்கிறீர்கள்?

கேள்வி: நான் தேனி மாவட்டத்தில் வீட்டிலேயே ஆரி ஒர்க் (துணியில் ஊசியால் மணி, கல், ஜரி வைத்துச் செய்யும் கைவேலை) செய்கிறேன். கல்யாண ஜாக்கெட்தான் முக்கிய வேலை. ஆறு வருடமாகிறது. உதவிக்கு ஒரு பெண் வருகிறார். ஆர்டருக்குக் குறைவில்லை. ஆனால் கையில் காசு நிற்பதில்லை. "ராத்திரி பகலா உட்கார்றியே, கடைசியில என்ன மிஞ்சுது?" என்று கணவர் கேட்டால் பதில் தெரியவில்லை. பேங்க் மெசேஜைத் திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கில் 38 மார்க் வாங்கியவள் நான். எனக்கு டிசைன் வரும், கணக்கு வராது. போன வருடம் ஜிபேயில் 6,40,000 ரூபாய் வந்திருக்கிறது. அதில் அண்ணன் அனுப்பிய பணமும் சீட்டுப் பணமும் உண்டு. இதற்கு நோட்டீஸ் வரும் என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்துகிறார். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் வாங்கினால் நிலைமை மாறுமா? 3,80,000 ரூபாய் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. நகையை அடகு வைக்கலாமா என்று யோசனை. கடைசியாக முடித்த ஆர்டரின் நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைவிட அந்த நோட்டுப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "சுகர் பீட்ஸ் 3 பாக்கெட், அதில் கால் பாக்கெட் மீதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரையில் இருபத்தேழு வருடமாக ஆடிட்டராக இருக்கிறேன். கோடிக்கணக்கில் வரவு செலவு செய்கிற முதலாளிகளிடம் "பழைய சரக்கு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால், "கொஞ்சம் கிடக்கு மேடம்" என்பார்கள். கால் பாக்கெட் மணிக்குக் கணக்கு வைத்திருக்கிற நீங்கள் கணக்கு வராது என்று எழுதுகிறீர்கள்.

அளவு ஜாக்கெட்டை விரித்து, முதுகுப் பக்கத்தை நடுவில் மடித்து, இடது மயிலும் வலது மயிலும் நூல் பிசகாமல் ஒரே அளவில் வரும்படி ட்ரேஸ் எடுக்கிறீர்களே, அது கணக்கில்லாமல் வேறென்ன? அதுவும் போகட்டும். உங்கள் வீட்டு பீரோவில் ஒரு மொய் நோட்டு இருக்கும். யார் எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு திருப்பிச் செய்தோம், இன்னும் யாருக்குச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் பதினைந்து வருடத்துக்கு முன்பிருந்து அதில் இருக்கும். நம் பக்கத்துப் பெண்களுக்கு அந்த நோட்டு தலைகீழ்ப் பாடம். வரவு, பற்று, பாக்கி மூன்றும் அதில் உண்டு. நான் படித்து வாங்கிய பட்டத்தின் முதல் பாடமும் அதேதான். எனவே அந்த 38 மார்க்கை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, நோட்டுப் பக்கத்துக்கு வருவோம்.

முகூர்த்த ஜாக்கெட் ஒன்று. முதலில் சொன்ன விலை 8,500 ரூபாய். புடவையோடு வந்த ஜாக்கெட் துணியைப் பெண் வீட்டாரே கொடுத்துவிட்டார்கள். ஜர்தோசி, சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், குந்தன் கல், ஜரி நூல் எல்லாம் சேர்த்து 1,150. உதவிக்கு வந்த பெண்ணுக்கு நாலு நாள் கூலி, நாளுக்கு 550 வீதம் 2,200. வெளியே தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தது 700. லைனிங் துணி, மதுரை விளக்குத்தூண் கடைத்தெருப் பக்கம் போய்வந்த பஸ் செலவு, உடைந்த ஊசி எல்லாம் 250. ஆக 4,300. 8,500-இல் 4,300 போக 4,200 மிச்சம். பக்கத்தின் அடியில் "லாபம் 4,200" என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு, "தள்ளுபடி 1,500. லாபம் 2,700" என்று மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

இந்தப் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது, உங்களைத் தவிர.

கடிதத்தின் இன்னொரு இடத்தில், பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்து இந்த ஜாக்கெட்டை ஆறு ராத்திரியில் முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது 24 மணி நேரம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது என்கிறீர்கள். நாளுக்கு எட்டு என்று வைத்தால் 16. வாட்ஸப்பில் டிசைன் காட்டிப் பேசியது, ட்ரேஸ் எடுத்தது, பெண் வீட்டுக்குப் போய் அளவு பார்த்தது குறைந்தது 5. மொத்தம் 45 மணி நேரம். 2,700 ரூபாயை 45-ஆல் வகுத்தால் மணிக்கு 60 ரூபாய்.

இப்போது உதவிக்கு வரும் பெண்ணைப் பாருங்கள். காலை பத்துக்கு வந்து இடையில் சாப்பிட்டு ஆறு மணிக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு மணி நேர வேலை, 550 ரூபாய் கூலி. மணிக்குக் கிட்டத்தட்ட 79 ரூபாய்.

டிசைன் உங்களுடையது, பெயர் உங்களுடையது, கல் விழுந்தால் திட்டு வாங்குவதும் நீங்கள். கூலி மட்டும் உங்களிடம் வேலை பார்ப்பவரைவிட உங்களுக்குக் குறைவு. அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. அவருக்குக் கொடுப்பது நியாயமான கூலி, அதைக் குறைத்துவிடாதீர்கள். உங்கள் கூலி எவ்வளவு என்று நீங்கள் இதுவரை பார்க்கவே இல்லை. கணவர் "என்ன மிஞ்சுது?" என்று கேட்கும்போது வாயடைத்துப் போவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த 2,700-ஐ லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது லாபமல்ல, உங்கள் கூலி. அதுவும் அரைக்கூலி. கூலி போக மிஞ்சுவதுதான் லாபம். இந்த ஆர்டரில் லாபம் என்று எதுவும் கிடையாது.

இதைப் படித்து மனம் உடைந்துவிடாதீர்கள். என் கதையும் இதேதான். தொழில் தொடங்கிய புதிதில் சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லோருக்கும் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துவிட்டு அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸோடு திருப்திப்பட்டிருக்கிறேன். வெளியாளிடம் ஃபீஸ் கேட்கும்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு மார்ச் மாதக் கடைசியில் உட்கார்ந்து எத்தனை மணி நேரம், எவ்வளவு வரவு என்று வகுத்துப் பார்த்தபோது, ஆபீஸ் கூட்டுகிற அம்மாவைவிட நான் குறைவாக வாங்கியிருந்தேன். ஆடிட்டருக்கே அந்தக் கதி. தைரியம் வந்த பிறகு ஃபீஸை ஏற்றலாம் என்று நான் காத்திருக்கவில்லை. அந்த எண்ணைப் பார்த்த கோபத்தில் ஏற்றினேன். தைரியம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தள்ளுபடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் காசு ஒழுகுகிற பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. 8,500-இல் 1,500 குறைத்தது வாங்குபவருக்கு ஆறில் ஒரு பங்கு மாதிரித் தெரியும். ஆனால் மணிக்காரர் குறைத்தாரா? தையல்காரர் குறைத்தாரா? பஸ்ஸில் கண்டக்டர் குறைத்தாரா? 1,500 முழுக்க உங்கள் 4,200-இலிருந்து போயிற்று. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 4,200-ஆக இருந்திருந்தால் மணிக்கு 93 ரூபாய் நின்றிருக்கும். ஒரு நிமிடச் சங்கடத்துக்குப் பயந்து பதினாறு மணி நேரக் கூலியை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்.

பேரம் பேசுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புடவைக் கடையில் நானும் பேசுவேன். அவர்கள் கேட்பதில் தப்பில்லை, நீங்கள் விலையைத் தொடாமல் வேலையைத் தொட வேண்டும். உங்கள் தொழிலிலேயே நன்றாகச் செய்கிற ஒரு பெண்மணி என் கிளையண்ட். அவர் வாயிலிருந்து "குறைச்சுக்கறேன்" என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "7,000-க்குள்ள வேணும்னா கையில ரெண்டு வரிசை எடுத்துடலாம்க்கா, முதுகுல மயில் அப்படியே இருக்கட்டும். போட்டோவுல முதுகுதானே தெரியும்" என்பார். வாங்குபவரின் பட்ஜெட்டுக்கும் மரியாதை, தன் நேரத்துக்கும் மரியாதை. பாதிப் பேர் "வேண்டாம் வேண்டாம், முழுசாவே போடுங்க" என்று 8,500-க்கே வந்துவிடுவார்களாம். ரொம்ப நெருங்கின சொந்தமா, குறைத்துத்தான் ஆக வேண்டுமா? பில்லில் 8,500 என்று முழு விலையை எழுதி, கீழே "அன்பளிப்பு 500" என்று போட்டுக் கழியுங்கள். அவர்களுக்கும் தெரியட்டும், உங்கள் நோட்டுக்கும் தெரியட்டும்.

விலை எவ்வளவு வைக்கலாம் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உங்கள் மணிக்கூலியாக ஒரு தொகையை முதலில் முடிவு செய்யுங்கள். 120 என்று வைத்துக்கொள்வோம். 45 மணி நேரத்துக்கு 5,400. அதோடு கைச்செலவு 4,300 சேர்ந்தால் 9,700. கல் விழுந்து திரும்பி வருவது, பிடிக்கவில்லை என்று பிரிப்பது, ஸ்டாண்டு, லைட், கரண்ட் எல்லாவற்றுக்கும் பத்து சதவீதம் போட்டால் 10,670. அதாவது நீங்கள் 7,000-க்குக் கொடுத்த ஜாக்கெட். உங்கள் ஊரில் இந்த விலை போகுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். போகாது என்றால் 45 மணி நேரத்தை 35 ஆக்கும் டிசைன்களை முன்னால் காட்டுங்கள். நாலு மாதத்துக்கு முன்பே ஆர்டர் வந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசையில் ஆள் நிற்கும் கடையில் விலை குறைவாக இருக்கிறது என்றுதான் நான் பொதுவாக நினைப்பேன். அடுத்த புது வாடிக்கையாளரிடம் ஆயிரம் கூட்டிச் சொல்லிப் பாருங்கள். பழையவர்களுக்குத் தை பிறந்த பிறகு சொல்லலாம்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "நடுவில் லீவு நாளில் ஐந்து பிள்ளைகளுக்கு ஆரி கிளாஸ் எடுத்தேன், அது சும்மா கைச்செலவுக்கு." தலைக்கு 3,000 வீதம் 15,000 வாங்கியிருக்கிறீர்கள். ஊசி, நூல், துணி என்று தலைக்கு 500 செலவு, ஆக 2,500. மிச்சம் 12,500. பத்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், தயார் செய்ய ஓர் ஐந்து மணி நேரம், மொத்தம் 25. மணிக்கு 500 ரூபாய்! சும்மா என்று நீங்கள் ஒதுக்கிய வேலை, தூக்கம் கெட்டுச் செய்த ஜாக்கெட்டைவிட எட்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறது. இதை வைத்து ஜாக்கெட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஜாக்கெட்டைப் பார்த்துத்தான் கிளாஸுக்கு ஆள் வருகிறது. கற்றுக்கொண்டவர்கள் பக்கத்துத் தெருவிலேயே போர்டு மாட்டுவார்கள் என்ற பயமும் இருக்கும், நியாயமான பயம்தான். ஆனால் அப்படி மாட்டுகிற ஒருவர்தான் வைகாசி நெருக்கடியில் உங்களுக்குக் கைகொடுக்கவும் போகிறார். கல்யாணம் இல்லாத மாதங்களில் கிளாஸ் வைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

மாதம் என்றதும் கையில் காசு நிற்காத விஷயம். இது லாபம் குறைவதால் மட்டும் வருவதல்ல, பணம் வருகிற நேரத்தாலும் வருவது. ஆடியில் கல்யாணம் கிடையாது, எனவே டெலிவரி கொடுத்து மீதிப் பணம் வாங்குவதும் கிடையாது. ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கு நீங்கள் ஸ்டாண்டில் துணி மாட்டுவது ஆடியில்தான். மணி வாங்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். அதற்குள் ஜூனில் பள்ளிக்கூட ஃபீஸ் வேறு போயிருக்கும். மார்கழியிலும் இதே கதை. நீங்கள் வாங்கும் அட்வான்ஸ் வெறும் 1,000. மீதியெல்லாம் உங்கள் கைக்காசு. அதாவது பெண் வீட்டாரின் ஜாக்கெட்டுக்கு ஒவ்வொரு முறையும் 3,300 ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே நேரத்தில் எட்டு ஆர்டர் கையில் இருந்தால் 26,400. உங்கள் வீட்டில் அவ்வளவு பணம் புழங்காதபோது நெருக்கடி வராமல் என்ன செய்யும்?

எனவே ட்ரேஸ் எடுப்பதற்கு முன் பாதிப் பணம், ட்ரையல் பார்த்துத் திருப்தியானதும் மீதி. ஜாக்கெட் கை மாறும்போது பாக்கி இருக்கக் கூடாது. கல்யாண வீட்டில் செலவு தலைக்கு மேல் போகும், முடிந்த பிறகு உங்கள் 3,000 யாருக்கும் நினைவில் இருக்காது. கேட்டால் மனக்கசப்பு, கேட்காவிட்டால் நஷ்டம். அப்புறம் இன்னொன்று. அட்வான்ஸ் உங்கள் பணமல்ல. துணி தயாராகும் வரை அது அவர்கள் பணம், உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அதில் ஃபீஸ் கட்டிவிட்டால் மணி வாங்கக் கைமாற்றுத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

வீட்டுக் காசும் தொழில் காசும் ஒரே கணக்கில் இருக்கும் வரை எந்த நோட்டும் உதவாது. பேங்க் மெசேஜைப் பார்க்கப் பயப்படுகிறீர்களே, அதற்கும் இதுதான் காரணம். அதில் கேஸுக்குக் கொடுத்தது, மணிக்குக் கொடுத்தது, அண்ணன் போட்டது, அட்வான்ஸ் வந்தது எல்லாம் கலந்து கிடக்கிறது. யார் பார்த்தாலும் தலை சுற்றும். தொழிலுக்குத் தனிக் கணக்கு திறந்து, க்யூஆர் அட்டையையும் அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். முறைப்படி தொழிலுக்குக் கரண்ட் அக்கவுண்ட்தான். மினிமம் பேலன்ஸ் வங்கிக்கு வங்கி மாறும், நாலு இடத்தில் விசாரியுங்கள். தொழில் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அதற்கு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரசு தளத்தில் நீங்களே பதியலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. அதே மாதிரி முகப்பு வைத்துக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் வசூலிக்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன, அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தனிக் கணக்கிலிருந்து மாதம் ஒன்றாம் தேதி உங்களுக்குச் சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் 8,000 என்றாலும் பரவாயில்லை, ஒரே தொகையாக இருக்க வேண்டும். வைகாசியில் 40,000 வந்தாலும் அதேதான், ஆடியில் ஒன்றும் வராவிட்டாலும் அதேதான். வைகாசியில் மிஞ்சியது ஆடிக்குச் சோறு போடும். கணவரின் கேள்விக்குச் சொல்லக் கையில் ஒரு தொகையும் இருக்கும்.

நோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே வருகிறது. ஆர்டருக்கு ஒரு பக்கம் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, உட்கார்ந்த நேரத்தை மட்டும் குறியுங்கள். "செவ்வாய் 9 முதல் 12:30" என்றால் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருபது நிமிடம் கணக்கின் வரவு செலவைப் பார்த்து நோட்டோடு ஒத்துப் பாருங்கள். விளக்கு வைத்த பிறகு காசு கொடுக்கக் கூடாது என்பார்கள், எண்ணக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. செல்போன் ஆப், எக்ஸெல் எதுவும் இப்போது வேண்டாம். என்னிடம் வருகிற போட்டோகிராபர், பத்திரிகை டிசைனர், சுடுமண் நகை செய்கிறவர் எல்லோரும் ஆப் இறக்கி மூன்று வாரத்தில் விட்டவர்கள்தான்.

நோட்டீஸ் பயத்துக்கு வருகிறேன். உங்கள் சொந்தக்காரர் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் வணிக வரித் துறை, யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் சில கடைகளில் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். ஆனால் பிரச்சினை எழுந்தது, ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் எல்லையை வரவு தாண்டிவிட்டது என்று துறை கணக்கிட்டவர்களுக்கு. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு அந்த எல்லை ஆண்டுக்கு 40 லட்சம், சேவை செய்பவர்களுக்கு 20 லட்சம். வாடிக்கையாளரின் துணியில் வேலை செய்து கொடுப்பது சேவை, கிளாஸும் சேவை. எனவே உங்கள் எல்லை 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6,40,000-இல் இருக்கிறீர்கள், அதிலும் அண்ணன் பணமும் சீட்டுப் பணமும் தொழில் வரவே இல்லை. யாராவது கேட்டால் அதைப் பிரித்துக் காட்டத்தான் தனிக் கணக்கு. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ரெடிமேடாகத் தைத்து வெளி மாநிலத்துக்கு அனுப்பி விற்க ஆரம்பித்தால், எல்லையைப் பார்க்காமல் பதிவு கேட்கும் விதி உண்டு. சில கைவினைப் பொருள்களுக்கு அதில் விலக்கும் உண்டு. முதல் பார்சல் போடுவதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

வருமான வரி இன்னும் சுலபம். சிறு தொழிலுக்கென்றே உத்தேச லாப முறை ஒன்று இருக்கிறது. பழைய சட்டத்தில் 44ஏடி என்ற பிரிவு, 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் எண்தான் மாறுகிறது. வங்கி, யு.பி.ஐ. வழியாக வந்த வரவில் குறைந்தது 6 சதவீதம், ரொக்க வரவில் 8 சதவீதம் லாபம் காட்டினால் விரிவான கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். ஆறு என்பது அடிமட்டம். உண்மையில் கூடுதலாகச் சம்பாதித்தால் கூடுதலைத்தான் காட்ட வேண்டும். இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். உங்களுக்குக் காட்டவும் தயக்கம் வேண்டியதில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி கிடையாது. வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டு வையுங்கள். நாளைக்கு வங்கியில் கடன் கேட்டால் முதலில் கேட்கும் காகிதம் அதுதான். (இதைப் படிக்கும் உள் அலங்கார டிசைனர்களுக்கும் சினிமாக் கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களுடையது வேறு பிரிவு, அங்கே குறைந்தபட்சம் 50 சதவீதம். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.)

மிஷின். வேண்டாம் அம்மா, இப்போது வேண்டாம். 3,80,000 ரூபாயை ஐந்து வருடத்துக்கு 11 சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,260. ஜாக்கெட்டுக்கு 2,700 மிஞ்சுகிற இன்றைய நிலையில், மூன்று ஜாக்கெட்டின் மிச்சம் முழுசாகப் போனாலும் தவணை அடைபடாது. அதுவும் மாதா மாதம், ஆடியிலும் மார்கழியிலும். தவிர, உங்களிடம் வருகிறவர்கள் கைவேலைக்காக வருகிறவர்கள். மிஷின் வேலைக்கு டவுனில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், அந்தப் போட்டியில் விலைதான் பேசும். ஒரு வருடம் வேலை நேரக் கணக்கு எழுதிய பிறகும் மிஷின் வேண்டும் என்று தோன்றினால், அப்போதும் நகையைத் தொடாதீர்கள். சிறு தொழில் கடனுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் கிஷோர் என்ற பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை அடமானமில்லாமல் கடன் உண்டு. உத்யம், ரிட்டர்ன், தனிக் கணக்கின் ஒரு வருட ஸ்டேட்மெண்ட் மூன்றும் கையில் இருந்தால் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேச வழி இருக்கும்.

கடைசியாக, அந்த 7,000 ரூபாய் ஜாக்கெட் வீடு. அந்தப் பெண்ணின் தங்கைக்கும் ஆவணியில் கல்யாணம், அடுத்த வாரம் துணியோடு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்ததும் "அக்காவுக்குப் போட்ட அதே ரேட்தானே?" என்று ஆரம்பிப்பார்கள். வாக்குவாதம் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். காபி கொடுத்துவிட்டு, "அக்காவுக்கு அறிமுக விலைக்குப் போட்டுக் கொடுத்தேன்மா. அதே டிசைன் இப்ப 9,500. பாதி அட்வான்ஸ் கொடுத்துட்டா நாளைக்கே ட்ரேஸ் எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசும் வரை நீங்கள் பேசாமல் இருங்கள்.